கை படாத இன்ஜின்

வேனின் பின்கதவு முழுதாகத் திறப்பதற்குள் ஓடிப்போய், உள்ளே கயிற்றால் கட்டியிருந்த மோட்டார் சைக்கிளின் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தாள் பிஸ்டன்.

சுரீர் என்றது. கையை எடுக்கவில்லை. தோல் பொறுத்த வரைக்கும் வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"என்னம்மா, வந்ததும் வராததுமா?" என்று பல்லைக் காட்டினான் வண்டியை விற்க வந்த பெரியவன்.

"வேன்ல படுத்துக்கிட்டே வந்த வண்டிக்கு இப்படி ஜுரம் அடிக்குதே மச்சான்."

பின்னால் காரில் வந்து இறங்கிய கான்ட்ராக்டர், ஏன், சுட்டால் என்ன என்று கேட்டார். வீடு கட்டுவது அவர் தொழில், பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிச் சேர்ப்பது பைத்தியம். அவள் அவருக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள். நாள்பட்ட இன்ஜின் தன் நோயைக் காலையில் முதல் உதையில்தான் புகையாகக் கக்கும். சூடேறிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். அதனால் விற்கிறவர்கள் சூடாக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

கான்ட்ராக்டர் பெரியவனைப் பார்த்தார். வேனில் ஏற்றுவதற்காக ஒரு தடவை உதைத்தேன், அவ்வளவுதான் என்றான் பெரியவன்.

"ஆறட்டும், அப்புறம்தான் பார்ப்பேன்" என்றாள் அவள். மூவரும் பலகையைச் சரித்து வண்டியை இறக்கினார்கள். ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், கறுப்பு. அவள் அதை நிழலில் நிறுத்தி, நின்ற விசிறி ஒன்றை இழுத்துவந்து இன்ஜினுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். பெரியவன் பட்டறையை ஒரு சுற்று நோட்டம் விட்டான். பின்னால் திரை போட்ட அறைக்குள்ளும் ஒரு விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஆளில்லாத ரூமுக்கும் காத்தா? நல்லாத்தான் சம்பாதிக்கிறே போலிருக்கு."

"ஓடட்டும் மச்சான்" என்றாள்.

அத்தை எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்டாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொன்னான். உன் பேரை எடுத்தாலே அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, அதனால் இங்கே வருவதை அவர்களிடம் சொல்லவே இல்லை என்று கூடுதலாக ஒரு ஊசியும் ஏற்றினான். அவள் சிரித்துக்கொண்டே அவனுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

வேனைப் பார்த்தாள். வெள்ளை வேன். ஒரு காலத்தில் அது கிளிப்பச்சை. குடும்பப் பட்டறைக்கென்று வாங்கியபோது சின்னவன்தான் அந்த நிறத்தைப் பிடிவாதமாகக் கேட்டு அடிக்க வைத்தான். அன்றிலிருந்து அதற்குக் கிளி என்று பேர். பெரியவன் வெள்ளை அடித்ததில் கிளி வெளுத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. பேர் மட்டும் வெளுக்கவில்லை. இன்றைக்கும் போனில் யாரிடமோ, "கிளியிலதான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டேதான் பெரியவன் வந்து இறங்கியிருந்தான்.

சின்னவன் அவள் கணவன். இந்த வண்டி சின்னவனுடையது. இந்த இன்ஜினைப் பிரித்துக் கட்டியது அவள்.

கட்டி முடித்து அவன் ஓட்டிப் பார்க்கப் போன அன்று காலையில்தான் பட்டறை யார் பேரில் இருப்பது என்று அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனான் சின்னவன். ஸ்பேர் வாங்கவென்று அதே பக்கம் வேனில் போனான் பெரியவன். திரும்பி வந்தது பெரியவன் மட்டும். வேனில் தம்பியின் உடலையும் வண்டியையும் ஒன்றாகப் போட்டுக் கொண்டுவந்தான். இன்ஜின் ஜாம் ஆகி, பின் சக்கரம் நின்று, தம்பியைத் தூக்கி எறிந்துவிட்டது, கண்ணால் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னான். பிஸ்டனும் அது ஏறி இறங்குகிற குழாயான போரும் சரியான இடைவெளி இல்லாமல் சேர்ந்தால் சூட்டில் பிஸ்டன் உப்பி, போரைக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வினால் தப்பு கட்டியவர் கையில்தான்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது அவன் அதைச் சொன்னான். "பொம்பளை கட்டுன பிஸ்டன் என் தம்பிய முழுங்கிடுச்சு."

அத்தை அதைக் கேட்டாள். அதற்கப்புறம் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள், அவ்வளவுதான். இன்ஜினை ஒரு தடவை திறந்து பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோது, பெரியவன் வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டான். தெருவுக்கே அவள் பேர் பிஸ்டன் ஆனது. வேறு பகுதிக்குப் போய்ச் சொந்தமாக ஷட்டர் எடுத்தபோது, பெயர்ப் பலகை எழுதுகிறவரிடம் அந்தப் பேரையே கொடுத்தாள். பிஸ்டன் மோட்டார் ஒர்க்ஸ். பார்க்கிறவர்கள் பொருத்தமான பேர் என்றார்கள். ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் அண்ணாந்து அதைப் படிப்பாள். மறந்துவிடக் கூடாதல்லவா.

பழைய வண்டி சேர்க்கிறவர்களிடம் இப்போது அவள் கண்ணுக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் கான்ட்ராக்டர் போன் செய்தார். ஒரு வண்டி வருகிறது, நீங்கள் பார்த்துச் சரி என்றால்தான் வாங்குவேன் என்றார். விற்கிறவர் யார் என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அன்றைக்கே ஒருவரைத் தேடிப்போய் வாக்குக் கொடுத்தாள்: அந்த இன்ஜினுக்குள் ஜாம் ஆன தழும்பு ஒன்றே ஒன்று இருந்தாலும், ஷட்டரை இறக்கிச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இனி ஸ்பேனரைத் தொட மாட்டேன். தழும்பு இல்லையென்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்ஜின் ஆறிவிட்டது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. சைலன்சர் வாயிலிருந்து நீலமாக ஒரு பந்து கிளம்பி, பட்டறையை மூடி, மெல்ல மெல்லக் கரைந்தது. அடுத்து வந்தது வெறும் காற்று. கான்ட்ராக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, போர் போயிருக்கிறது, அப்படித்தானே என்று கேட்டார். பெரியவன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான்.

"அவசரப்படாதீங்க சார். ஆயில் எந்த வழியா உள்ளே போகுதுன்னு பார்க்கணும். மேலேயிருந்து வால்வு வழியா ஒழுகலாம். கீழேயிருந்து பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங் வழியா ஏறலாம். மேல ஒழுகினா சின்னச் செலவு. கீழ ஏறினா இந்த வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க."

தெருமுனையில் ஒரு மேடு உண்டு. கான்ட்ராக்டரை அதன் அடியில் நிற்கச் சொல்லிவிட்டு அவளே வண்டியில் ஏறினாள். வழியில் நின்றுவிட்டால் உதவியாக இருக்கும், நானும் வேனில் பின்னாலேயே வருகிறேன் என்றான் பெரியவன்.

"நீங்க என் பின்னாடி வர வேண்டாம் மச்சான்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது இரண்டு தடவை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள்.

முழுதாக முறுக்கி ஏறினாள். பின்னால் துளி புகை இல்லை. உச்சியில் திரும்பி, ஆக்சிலரேட்டரை அடியோடு விட்டுவிட்டு, கியரிலேயே இறங்கினாள். கீழே வந்ததும் சட்டென்று திருகினாள். குபுக்கென்று நீலமாக ஒரு பந்து கிளம்பியது. கான்ட்ராக்டர் தலையாட்டினார். பாரத்தில் புகைந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். இறங்கி வந்து திருகும்போது மட்டும் புகைந்தால், வால்வு ஏறி இறங்குகிற சின்னக் குழாயான கைடு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. சின்னச் செலவுதான்.

திரும்பி வந்து கிக்கர் மேல் முழு எடையையும் போட்டு நின்றாள். அது அவளை அப்படியே தாங்கிக்கொண்டு, பிறகு அவசரமில்லாமல் இறங்கியது. பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி ஏறி நின்றாள். அதே நிதானம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் வீம்பு கூடியிருக்கும். இது ஆயில் இல்லாமலே வீம்பாக நின்றது.

அவளுக்குள் என்னவோ துள்ளியது. அடக்கிக்கொண்டாள். ஜாம் ஆன பிறகு ரகசியமாகப் போரைக் கடைந்து அளவு கூடிய புது பிஸ்டன் போட்டிருந்தாலும் இதே வீம்பு இருக்கும். அப்படி இருந்தால் ஷட்டர் இறங்கும், பேர் நிலைக்கும். இது திறந்தால்தான் தெரியும். திறப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, பின்னறைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மச்சான், அவரு விழுந்தப்ப இது ஜாம் ஆச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் போர் கடைஞ்சு பிஸ்டன் மாத்தினீங்களா?"

கான்ட்ராக்டரின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது. ஒரு தடவை பிரித்துக் கட்டிய பிறகு கை படாத இன்ஜின், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பிஸ்டன் என்றல்லவா சொன்னீர்கள்? ஜாம் ஆனது என்றால் எனக்கு இந்த வண்டியே வேண்டாமே?

பெரியவன் அவளை முறைத்தான். முறைத்த கண்ணைத் திருப்பிக் கான்ட்ராக்டரிடம் கொண்டுபோவதற்குள் அதைச் சிரிப்பாக்கிவிட்டான். அவன் கணக்குப் போடுவதை அவள் நின்று ரசித்தாள். ஜாம் ஆனது என்றால் வியாபாரம் போச்சு. ஆகவில்லை என்றால் போவது என்ன? கேட்பதற்கு இங்கே இருப்பது வண்டி வாங்க வந்த ஒரு வெளியாள். அப்புறம் இவள். இவள் சொல்லி யார் நம்பப் போகிறார்கள்?

"ஜாமாவது ஒண்ணாவது! அது சும்மா வாய்ப்பேச்சு சார். இந்த இன்ஜின் ஒரு நாள்கூட ஜாம் ஆனதில்லே. அன்னைக்குக் கட்டுனதோட சரி, ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடலே. வேணும்னா பிரிச்சே பாருங்க."

"பிரிச்சுக் காட்டுங்க" என்றார் கான்ட்ராக்டர்.

டேங்கைக் கழற்றினாள். கார்பரேட்டர், சைலன்சர் வளைவு, ராக்கர் பெட்டி, ஒவ்வொன்றும் துணியின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தது. சிலிண்டருக்கு மூடியான ஹெட்டின் நட்டுகளைக் குறுக்குக்குறுக்காகத் தளர்த்தினாள். ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. ஹெட் கையோடு வந்தது.

முதலில் வால்வைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். இன்லெட் வால்வு கைடுக்குள் ஆடியது. தண்டில் ஆயில் பசையாகப் படிந்திருந்தது. புகைக்குக் காரணம் இதுதான். பிறகு கரி சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு பிஸ்டனின் தலைக்கு மேல் குனிந்தாள்.

மெல்லச் சுரண்டினாள். கரி உரிந்து வந்தது. அம்புக்குறி தெரிந்தது. பக்கத்தில் பிஸ்டனின் அளவு முத்திரை, தொழிற்சாலை அளவு, ஒரு நூல்கூடக் கூடவில்லை. அதற்கும் பக்கத்தில் முக்கோணமாகக் குத்திய மூன்று புள்ளிகள். தான் கட்டுகிற ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் அவள் குத்துகிற அடையாளம் அது.

கிக்கரைக் கையால் அழுத்திப் பிஸ்டனைக் கீழே இறக்கினாள். டார்ச்சைப் பிடித்தாள். போரின் சுவர் முழுக்க, அவள் கல் போட்டுத் தேய்த்த குறுக்குக்கோடுகள் கோலப்புள்ளி மாறாமல் அப்படியே இருந்தன. பிஸ்டன் கவ்விய சுவராக இருந்தால் மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருக்கும், அலுமினியம் ஈஷியிருக்கும். இங்கே நகத்தை ஓட்டிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

"சார், நீங்களும் நகம் வச்சுப் பாருங்க."

கான்ட்ராக்டர் பார்த்தார். அபாரம் என்றார்.

பெரியவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனாகவே முன்னால் வந்து போருக்குள் எட்டிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகப் பேச ஆரம்பித்தான். "கட்டுனதே இவதான் சார். எங்க தம்பி பொண்டாட்டி. கை அவ்வளவு சுத்தம். இவ கட்டுன இன்ஜின் ஜாம் ஆகும்னு எவனாவது சொன்னா அவனுக்குத் தொழில் தெரியலேன்னு அர்த்தம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க மச்சான். காது கொஞ்சம் மந்தம் எனக்கு. சத்தமா."

அவன் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு தடவை சொன்னான். சத்தமாகவே சொன்னான்.

பின்னறையில் விசிறி நின்றது.

அதன் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பட்டறை இத்தனை நேரம் எவ்வளவு இரைச்சலாக இருந்தது என்று தெரிந்தது. திரை விலகியது. அத்தை வந்து நின்றாள். காலையிலேயே வந்து அந்த அறையின் கட்டிலில் உட்கார்ந்தவள், கொடுத்த காபியைத் தொடவில்லை. மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்க காதால கேளுங்க அத்தே, அது போதும் என்று அவள் கெஞ்சியதற்காக மட்டும் வந்திருந்தாள்.

"அம்மா" என்றான் பெரியவன். "கண் ஆஸ்பத்திரிக்குன்னு..."

"கண்ணுக்குத்தான் வந்தேன்" என்றாள் அத்தை.

நடந்து வந்து போருக்குள் பார்த்தாள். பட்டறைக்காரன் பெண்டாட்டியாக வாழ்ந்தவள், பட்டறைக்காரர்களைப் பெற்றவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகத்தை வைத்து ஓட்டினாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். மன்னிப்பு கேட்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்பதற்கு அது தேவைப்பட்டது.

"ஜாம் ஆகலேன்னு நீயே ரெண்டு தடவை சொன்னே" என்றாள் பெரியவனிடம். "அப்போ என் சின்னவன் எப்படிடா விழுந்தான்?"

வியாபாரத்துக்காகச் சும்மா சொன்னேன் என்றான். அதற்குள் போர் திறந்து கிடப்பது நினைவுக்கு வந்துவிட்டது. மணல் என்றான். சாலை வளைவில் மணல் கிடந்தது, சறுக்கிவிட்டது. அப்புறம், நாய் என்றான். நாய் குறுக்கே ஓடியது. இவள் மனது கஷ்டப்படக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று முடித்தான்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு என் பிஸ்டன் மேல பழி போட்டீங்களாக்கும்" என்றாள் அவள். "ரொம்பப் பெரிய மனசு மச்சான் உங்களுக்கு."

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. போதும் என்றுதான் நினைத்தாள். பழி தன் கையைவிட்டுப் போய்விட்டது. அத்தை தோளைப் பிடித்திருக்கிறாள். இவன் மூன்று பேர் பார்க்கக் குறுகி நிற்கிறான். இத்தனை வருஷம் பெயர்ப் பலகையை அண்ணாந்து படித்து வளர்த்த வெறிக்கு இதுவே விருந்து.

கான்ட்ராக்டருக்கு இந்தக் குடும்பச் சண்டைக்குள் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தர்மசங்கடத்தில் தன் வழக்கமான வேலையில் இறங்கிவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற சின்னக் காந்தத்தை எடுத்து வண்டியின் தகடுகளில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். இரும்புத் தகடு என்றால் காந்தம் பிடிக்கும். ஒடுங்கிய இடத்தில் பட்டி வைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் பிடிக்காது. டேங்கில் டக் என்று ஒட்டியது. முன் மட்கார்டில் டக். விளக்குக் கூட்டில் டக்.

பின் மட்கார்டில் வைத்தார். காந்தம் வழுக்கித் தரையில் விழுந்து உருண்டது.

எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. "பின்னாடி மட்டும் இவ்வளவு கனமாப் பட்டி வச்சிருக்கே? சறுக்கி விழுந்த வண்டிக்கு பின்னாடி எப்படி அடிபட்டுச்சு?" என்று யாரையும் குறிப்பாகக் கேட்காமல் கேட்டார்.

பெரியவன் வேன் இருந்த பக்கம் ஓர் அடி நகர்ந்தான்.

அவள் அதைப் பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இவனைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான் இத்தனை ஏற்பாடும். பொய் எதற்காக என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தன் இன்ஜின்மேல் இருந்த கண் வண்டியின் பின்பக்கம் போகவே இல்லை. மேட்டில் ஏறும்போது கண்ணாடியில் எதைத் தேடினோம் என்பது இப்போது புரிந்தது.

"நில்லுங்க மச்சான்."

அவன் நின்றான். கரி சுரண்டிய அதே தகட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போய் மண்டியிட்டாள். அத்தை கூடவே வந்து குனிந்தாள். மேலே கறுப்புப் பெயின்ட் செதிலாக உரிந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டி, அடை அடையாகப் பெயர்ந்தது. அவசரத்தில் பூசியது. அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்யக்கூட அன்றைக்கு அவனுக்கு நேரமில்லை.

கடைசி அடை பெயர்ந்து விழுந்தது. தகடு உள்ளங்கை ஆழத்துக்கு ஒடுங்கியிருந்தது. அந்தப் பள்ளம் முழுக்க ஈஷிக் காய்ந்திருந்தது, கிளிப்பச்சை.